மோட்டார் வீடு

“டீயை மூடி வை. ஈ உக்காந்துடும்.”

என் கணவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் என்ன? மொட்டை மாடிக்குத்தானே போகிறார்... போன சூட்டில் வந்துவிடுவார்.

இனி எழுதப் போவது நடந்தது. நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். அடுத்தவர் எழுத்தில் மிகையாக இருப்பதைக் கோடு போட்டு அடிப்பது என் பிழைப்பு. இதிலும் நிறைய அடித்திருக்கிறேன். அடித்தது போக மிஞ்சியதுதான் இது. நம்பாதவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானே முதலில் நம்பவில்லை.

நாங்கள் குடியிருந்தது நான்கு மாடிக் கட்டடம். வாசலில் இருந்த பெயர்ப்பலகையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் ஒரு புள்ளி மட்டும் மிஞ்சியிருந்தது. லிஃப்ட் நின்று பல வருடம். அதற்குள் யாரோ ஒரு பழைய மெத்தையைத் திணித்து வைத்திருந்தார்கள். படிக்கட்டுச் சுவரெல்லாம் ஈரம் ஏறி, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருக்கும். குழந்தைகள் போகிற போக்கில் விரலால் குத்தி உடைத்துக்கொண்டே போவார்கள். என் மகளும்தான்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மூன்றாம் மாடியில் இருந்தார். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் எஸ்டிமேட். எதைச் சொன்னாலும், “எஸ்டிமேட் வாங்கிட்டுப் பாக்கலாம்ங்க” என்பார்.

“கல்யாணத்துக்கே எஸ்டிமேட் வாங்கிட்டுத்தான் தலையாட்டியிருப்பாரு” என்பார் என் கணவர்.

மொட்டை மாடியில், பின்பக்கத்துக் கைப்பிடிச் சுவர் ஆடுகிறது என்று என் கணவர் அவரிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். இரண்டு முறையும் அதே பதில்தான்.

எங்கள் வீடு முதல் மாடி. எங்களை ‘மோட்டார் வீடு’ என்பார்கள். தண்ணீர் மோட்டார் கட்டடத்தின் பின்னால், ஒரு குறுகிய சந்தில் இருந்தது. அதை ஓடவைக்கிற ஸ்டார்ட்டர் பெட்டி முன்பெல்லாம் மீட்டர் அறையில் இருந்ததாம். அங்கே மழைத் தண்ணீர் இறங்கி ஷாக் அடிக்க ஆரம்பித்ததால், அதைக் கழற்றி எங்கள் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். தற்காலிகமாகத்தான். நாங்கள் குடிவருவதற்கு முன்பே அந்தத் தற்காலிகம் தொடங்கியிருந்தது.

பெட்டியில் இரண்டு பொத்தான்கள். பச்சையை அழுத்தினால் மோட்டார் ஓடும். சிவப்பை அழுத்தினால் நிற்கும். பழைய பெட்டி என்பதால் சிவப்பு உள்ளே போனால் அப்படியே மாட்டிக்கொள்ளும். மறுபடி பச்சையை அழுத்தினால்தான் துள்ளி வெளியே வரும்.

மேல் தொட்டி நிரம்பினால் காட்டுகிற கருவி எதுவும் கிடையாது. ஒருவர் மாடியில் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். இன்னொருவர் கீழே பொத்தானுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மோட்டாரிலிருந்து தொட்டிக்குப் போகும் இரும்புக் குழாய் எங்கள் சமையலறை மூலை வழியாகத்தான் ஏறும். தொட்டி நிரம்பியதும் அவர் மேலே அந்தக் குழாயில் ஸ்பேனரால் மூன்று முறை தட்டுவார்.

டங்... டங்... டங்.

நிறுத்து என்று அர்த்தம். நான் சிவப்பை அழுத்துவேன்.

அதோடு முடியாது. கொஞ்சம் விட்டு, மெதுவாக இன்னொரு தட்டு வரும்.

டக்.

அது கட்டடத்துக்கு இல்லை. எனக்கு. ‘டீயைச் சுட வை, இறங்குகிறேன்’ என்று அர்த்தம். நான்கு மாடிக்கும் கேட்கும்படி பெண்டாட்டியிடம் டீ கேட்ட மனிதர் அவர் ஒருவர்தான். இரண்டாம் மாடி அம்மா என்னைப் படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். “என்னம்மா, டீ தந்தி வந்துடுச்சா?”

அன்றைக்கு அவர் மாடிக்குப் போனது சாயங்காலம் ஐந்தரை இருக்கும். டீ தயாராகத்தான் இருந்தது. வந்து குடிப்பதாகச் சொன்னார். நான் மூடி வைத்தேன். மகள் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் மோட்டார், லாரி கிளம்புவதுபோல் உறுமிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. குழாய்ச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஐந்தே முக்காலுக்குத் தட்டு வந்தது. மூன்று. சிவப்பை அழுத்தினேன். மோட்டார் நின்றது. கொஞ்சம் விட்டு, அந்தச் சின்னத் தட்டும் வந்தது.

டக்.

அடுப்பைப் பற்றவைத்தேன். பின்பக்கம் ஒரு பெண் கத்துவது கேட்டது. சந்துக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் சண்டை வருவது புதிதல்ல. டீ பொங்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் படிக்கட்டில் பல பேர் ஓடுகிற சத்தம். எங்கள் கதவைத் தட்டினார்கள்.

கைப்பிடிச் சுவர் இரண்டு முழ அகலத்துக்குப் பெயர்ந்து, அவரோடு சந்துக்குள் விழுந்திருந்தது.

அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அன்று இரவு வீடு நிறைய ஆட்கள். கை கழுவப் போனவர்கள் திரும்பி வந்து, தண்ணீர் இல்லை என்றார்கள். நான்கு மாடியிலும் இல்லை. எஸ்டிமேட் டார்ச்சோடு மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“தொட்டி காலிம்மா. ஈரம் பாதிக்குக் கீழதான் இருக்கு, நிரம்பவே இல்ல. அதுக்குள்ள ஏன் நிறுத்துனீங்க?”

என் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். மயிரிழை பிசகினாலும் எடுத்து மறுபடி தேய்க்கிற ஆள். பாதித் தொட்டிக்கு நிறுத்தச் சொல்ல மாட்டார். ஆனால் அன்றைக்கு அதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

எஸ்டிமேட் என் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார். “தொட்டி மூடிமேல இருந்துச்சு.”

வாங்கி இழுப்பறையில் வைத்தேன்.

மறுநாளே எலக்ட்ரீஷியன் வந்து, எங்கள் பெட்டியைத் தொடாமல், மோட்டாருக்கு நேராக வேறு லைன் இழுத்தார். தொட்டி நிரம்பினால் தானாக நிற்கும் கருவியும் வந்தது. அதற்கு யாரும் எஸ்டிமேட் கேட்கவில்லை. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. பெயர்ந்த சுவருக்கு மட்டும் குறுக்கே ஒரு கயிறு கட்டி, நீலத் தார்ப்பாயைத் தொங்கவிட்டார்கள். காற்றடித்தால் அது படபடவென்று அடித்துக்கொள்வது எங்கள் வீடு வரைக்கும் கேட்கும்.

இனி யாரும் குழாயில் தட்ட வேண்டியதில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் தரையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

டக்.

கத்தி நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தே முக்கால்.

மகள் தலையைத் தூக்கினாள். “அம்மா... டீ.”

“குழாய்ல காத்து அடைச்சிருக்கும். நீ எழுது.”

“காத்து இப்படியா தட்டும்?”

பழைய குழாய். வெயிலில் விரியும், சாயங்காலம் சுருங்கும். அச்சகத்தில் எத்தனை புத்தகத்தில் படித்திருக்கிறேன்! அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அதே நேரத்துக்குச் சுருங்கியது. அதற்கு மறுநாளும்.

எனக்கு இருப்புக் கொள்ளாது. ஐந்து மணி ஆனாலே மனம் அலைபாயும். துணி மடிப்பேன், பிரிப்பேன், மறுபடி மடிப்பேன். வாசலுக்குப் போவேன். சமையலறைக்கு வருவேன். வந்துவிடக் கூடாதே என்று இருக்கும். வராமல் போய்விடுமோ என்றும் இருக்கும். யாரிடம் போய்ச் சொல்வது? அக்காவிடம் போனில் சொன்னேன்.

“தூக்கம் கெட்டா அப்படித்தான்டி இருக்கும். கொஞ்ச நாளைக்கு இங்க வந்துடு.”

போகவில்லை. அவர் நான் இருக்கிற வீட்டில் டீ கேட்கிறார். நான் எங்கே போவது?

அடுத்த மாதம் குழாயையே மாற்றினார்கள். துரு ஏறிய பழைய இரும்புக் குழாய்க்குப் பதிலாகக் கட்டடத்தின் வெளிச்சுவரில் பிளாஸ்டிக் குழாய் ஏற்றினார்கள். மற்ற வீடுகளில் பழையதை வெட்டி எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பிளம்பர் குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

“இதைப் புடுங்குனா சுவரும் கூடவே வந்துடும்க்கா. இருக்கட்டும், சும்மா நிக்கற துண்டுதான்.”

“மேல எதோடயாவது சேர்ந்திருக்கா?”

“மேலயும் வெட்டியாச்சு, கீழயும் வெட்டியாச்சு. துணி காயப்போட வேணா வெச்சுக்குங்க.”

அவர் சிரித்துவிட்டுப் போனார். எனக்கும் ஒரு நிம்மதி. வருத்தம் கலந்த நிம்மதி. இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தே நாற்பது... ஐந்தே முக்கால்.

டக்.

கையை நீட்டித் தொட்டேன். சில்லென்று இருந்தது. உள்ளே தண்ணீர் ஓடுகிற குழாயைப்போல வெளியே முத்து முத்தாக வேர்த்திருந்தது.

அப்புறம்தான் கவனித்தேன். குழாயில் என் இடுப்பு உயரத்தில் சின்னச் சின்னத் தழும்புகள். துரு உதிர்ந்து, புது இரும்பு பளபளத்தது. கீழே தரையில் ஒரு கரண்டி.

“குட்டி... இங்க வா. இது என்ன?”

மகள் கதவோரம் நின்றாள்.

“நானும் தட்டுவேன்.”

“எதுக்கு?”

“அப்பா தட்டினா பதில் சொல்ல வேணாமா? நீ சொல்லவே மாட்டேங்கற.”

“இனிமே தட்டக் கூடாது. சரியா?”

“டீயாவது போடலாம்ல?”

நான் கரண்டியை எடுத்து மேல் தட்டில் வைத்தேன். அவளுக்கு எட்டாத உயரம். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அவளையும் அந்தக் குழாயோடு பேசவிட்டுவிட முடியாது. அக்காவுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை வருகிறோம் என்றேன்.

அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

அன்று அச்சகத்தில் வேலை இழுத்துவிட்டது. நான் கட்டடத்துக்குள் நுழையும்போது கரண்ட் இல்லை. படிக்கட்டு இருட்டிக்கொண்டு வந்தது. மேலே தார்ப்பாய் அடித்துக்கொள்ளும் சத்தம். வழக்கமாக மகள் பள்ளி விட்டதும் இரண்டாம் மாடி அம்மா வீட்டில் இருப்பாள். அன்று எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

“குட்டி?”

பதில் இல்லை.

கூடத்தில் பள்ளிப் பை. காலணி இல்லை. சமையலறைக்குப் போனேன். அடுப்பைத் தொட்டேன்.

சூடு.

அவருடைய டம்ளர் அதன் இடத்தில் இல்லை. மூடியும் இல்லை.

அப்போது தட்டு வந்தது. சின்னத் தட்டு இல்லை.

டங்.

குழாய் அதிர்ந்தது. அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன.

டங்.

கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. எதை நிறுத்துவது?

டங்!

நான் ஓடினேன்.

இரண்டாம் மாடி. “என்னம்மா, குட்டி சாவி வாங்கிட்டு உங்க வீட்டுக்குத்தானே வந்தா...” என்றார் அந்த அம்மா. நான் நிற்கவில்லை.

மூன்றாம் மாடி. செருப்பு ஒன்று கழன்றது. விட்டுவிட்டேன்.

நான்காம் மாடி. இருட்டு. சுவரைத் தடவினேன். பெயின்ட் கொப்புளங்கள் கைக்கடியில் நொறுங்கின.

மொட்டை மாடிக் கதவு.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஆனால், கதவுச் சட்டத்தின் மரம் உளுத்துப்போய்... திருகாணிகளோடு, கொண்டியோடு, பூட்டு ஒரு பக்கமாகத் தொங்கியது.

தள்ளினேன்.

வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

தார்ப்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து பறந்தது.

கயிறு இல்லை.

சுவர் இல்லாத அந்த இடத்தில் என் மகள்.

முதுகைக் காட்டி.

இரண்டு கையிலும் டம்ளர்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள்... திரும்பினால்...

மூச்சை அடக்கி நடந்தேன். நெருங்கினேன். சட்டையோடு சேர்த்து இழுத்தேன். இருவரும் பின்னால் சாய்ந்து விழுந்தோம். டம்ளர் உருண்டு, விளிம்பைத் தாண்டிப் போனது. அது கீழே விழுந்த சத்தம் வர நேரமானது.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

“எதுக்குடி இங்க வந்த?”

“அப்பா டீ கேட்டாரு. நீ குடுக்கவே இல்ல. கொண்டாந்தேன்.”

“அந்த ஓரத்துக்கு எதுக்குப் போன?”

“அங்கதான் சத்தம் கேட்டுச்சு. டக் டக்னு. கிட்டப் போகப் போக, இன்னும் கொஞ்சம் தள்ளிக் கேட்டுச்சு.”

அவளை இன்னும் இறுக்கிக்கொண்டேன். “அப்புறம்?”

“அப்புறம் மூணு தட்டுச்சும்மா. பெருசா. மூணு தட்டினா நிறுத்தணும்ல? நின்னுட்டேன்.”

இருந்த இடத்திலிருந்து பார்த்தேன். அவள் நின்ற இடத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு செருப்பு வைக்கிற இடம்கூட இல்லை.

அன்று இரவே அக்கா வீட்டுக்குப் போனோம். திரும்பி அந்த வீட்டில் ஒரு நாளும் தங்கவில்லை. ஆனால் நிம்மதி வந்துவிடவில்லை. விளிம்புவரைக்கும் கூப்பிட்டது யார்? நிறுத்தியது யார்? இரண்டும் ஒருவர்தானா? கேட்டுக்கொண்டே இருக்கிறேன். படுத்தாலும் கேட்கிறேன், மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் கேட்கிறேன். வரி தவறிப்போகிறது.

சாமான்களை ஏற்றுவதற்காகக் கடைசியாக ஒரு நாள் பகலில் போனேன். வண்டி பின்பக்கத்துத் தெருவில் நின்றது. சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருக்கும் தையல்கார அக்கா வெளியே வந்தார். அன்றைக்குக் கத்தியது அவர்தான். முதலில் ஓடிப் போனதும் அவர்தான். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாலே உள்ளே போய்விடுவார். அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போறியாம்மா? நல்லது, போ. என்னை மன்னிச்சுக்கோ. அன்னிக்கு நான் எவ்வளவோ கத்துனேன். யாருக்குமே கேக்கல.”

“எனக்குக் கேட்டுதுக்கா. சண்டைன்னு நெனச்சுட்டேன்.”

“அது அப்புறம்மா. முதல்ல பாழாப்போன மோட்டார் ஓடிட்டிருந்துச்சே! நான் ஜன்னல் வழியா பாத்தேன். அவரு சுவர்ல கையை ஊணி நின்னுட்டிருந்தாரு. சும்மாதான் நின்னாரு. விழுந்ததும் கத்திக்கிட்டே ஓடுனேன். என் குரல் எனக்கே கேக்கல. கிட்டப் போயி கையைப் பிடிச்சுப் பாத்தேன். மூச்சு இல்லம்மா. அப்பவே இல்ல. டாக்டரும் அதேதான் சொன்னாரு.”

“அப்ப மோட்டார்...?”

“அவர் கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் நின்னுச்சு. அது நின்னப்புறம்தான் நான் கத்துனது நாலு பேருக்குக் கேட்டுச்சு.”

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

நான் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல், அந்த அக்காவின் தோளையே பிடித்துக்கொண்டு நின்றேன். பாதித் தொட்டி. மூடிமேல் வைத்திருந்த ஸ்பேனர். மூன்று தட்டு. அப்புறம் கொஞ்சம் விட்டு, எனக்கென்று ஒன்று.

மறுபடி மேலே ஏறிப் போனேன். காலி வீடு. சமையலறை மூலையில் குழாய் காய்ந்துபோய் நின்றது. பக்கத்தில் அந்தப் பெட்டி. அன்றைக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. என் விரல் அழுத்திய சிவப்புப் பொத்தான் உள்ளே அமுங்கியபடியே இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை என்று இரண்டாம் மாடி அம்மா சொன்னார். சுவர் கட்ட எஸ்டிமேட் வாங்கியிருக்கிறார்களாம். சாவி அவரிடம்தான் இருக்கிறது. போன வாரம் போனில் பேசியபோது பெட்டியைப் பற்றிக் கேட்டேன்.

“அது அப்படியேதான்மா இருக்கு” என்றார். “சிவப்பு உள்ளதான் இருக்கு.”